பதினேழாம் தொகுதியின் நிழல்கள்

சந்தனமாரியின் நிழல் தொண்ணூற்றொரு வயதுவரை வாழ்ந்தது.

அந்த முடிவைத் திரையில் பார்த்தபோது சந்தனமாரிக்கு ஐம்பது வயது. கீழத்தருவை உப்பளத்தில் அந்த வயதில் ஒரு பெண் சிறுநீரகம் கெடாமல் நடமாடுவதே பெரிய காரியம். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள், திரையில் நீண்டு கிடந்த பச்சைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நாந்தானா, டாக்டரம்மா?"

"உங்க உடம்புதான் அக்கா. வாழ்க்கை மட்டும் வேற" என்றாள் நிறைமதி.

நிறைமதி மக்கள்நல ஆய்வாளர். ஒரு நோய் ஏன் ஒரு தெருவைப் பிடித்து ஆட்டிவிட்டு அடுத்த தெருவைத் தொடாமல் போகிறது என்று தேடுவதுதான் அவள் வேலை. சேலத்துக்காரி. உப்பளத் தொழிலாளர் சங்கம் போட்டிருந்த வழக்குக்காக மதுரைத் தீர்ப்பாயம் அவளை நியமித்திருந்தது.

"வேறன்னா?"

"உங்ககிட்ட ஒரு சொட்டு ரத்தமும் ஒரு ஸ்கேனும் எடுத்தோம் இல்லையா? அதை வச்சு கம்ப்யூட்டருக்குள்ள உங்க உடம்பைக் கட்டியிருக்கோம். இதயம், ஈரல், கிட்னி எல்லாம் உங்களுக்கு எப்படி வேலை செய்யுமோ அப்படியே. இதுக்கு உயிர் கிடையாது, வலி கிடையாது. ஆனா வயசாகும். இதைப் பொறந்ததுல இருந்து சென்னையில ஒரு கிளார்க்கோட வாழ்க்கைக்குள்ள விட்டேன். குழாயைத் திறந்தா தண்ணி, கட்டடத்துக்குள்ள வேலை, பக்கத்துலயே பாத்ரூம்."

சந்தனமாரி சத்தம் போட்டுச் சிரித்தாள். "பாருங்க, எனக்குக் கெடைக்காத நெழலு என் நெழலுக்குக் கெடச்சிருக்கு!"

உடற்பிரதி என்பதுதான் மதுரை ஆய்வுக்கூடத்தில் அதற்கு வைத்திருந்த பெயர். அன்றிலிருந்து நிறைமதியும் நிழல் என்றே சொல்லத் தொடங்கினாள்.

கீழத்தருவையும் அதை ஒட்டிய மூன்று ஊர்களும் அரசின் கணக்கில் பதினேழாம் தொகுதி. நாடு முழுவதும் மக்களை ரத்தத்தின் தன்மைப்படி தொகுதிகளாகப் பிரித்து, எந்தத் தொகுதிக்கு எந்த நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் திட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினேழாம் தொகுதிக்குச் சொல்லப்பட்டது சிறுநீரகக் கேடு. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். முப்பதிலும் நாற்பதிலும் சிறுநீரகம் கெட்டுச் சாகிறார்கள். ஆகவே ரத்தத்தில் கோளாறு என்று முடிவுகட்டினார்கள். சங்கம் குடிதண்ணீர் கேட்டபோதும், நிழற்கூரை கேட்டபோதும், அளத்துக்குள் கழிப்பறை கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. கோளாறு உங்களிடம் இருக்கிறது, இடத்தில் இல்லை.

வெளியூரிலிருந்து யாரும் பெண் கேட்டு வருவதில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் பதினேழு என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். கடைசியில் திருத்த ஊசி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதானதும் அதைப் போட்டு ரத்தத்தையே மாற்றிவிடுவார்களாம். ஊசி போடாத பெண்ணுக்கு அரசுக் காப்பீடு கிடையாது. அதை எதிர்த்துத்தான் சந்தனமாரி சங்கத்தின் பெயரில் வழக்குப் போட்டாள்.

நிறைமதி சோதனையை இரண்டு பக்கமும் செய்தாள். உப்பளப் பெண்களின் நிழல்களைச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பினாள். சென்னை அலுவலக ஊழியர்கள் மனமுவந்து கொடுத்த ரத்தத்தில் செய்த நிழல்களை உப்பளத்தில் இறக்கினாள். ரத்தம்தான் காரணம் என்றால் உப்பளப் பெண்கள் எங்கே போனாலும் சாக வேண்டும். சென்னைக்காரர்கள் எங்கே போனாலும் பிழைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. உப்பளப் பெண்களின் நிழல்கள் அலுவலகத்தில் சென்னைக்காரர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்தன. சென்னை நிழல்களோ உப்பளத்தில் முப்பது முப்பத்தைந்தைத் தாண்டத் திணறின.

"அப்பம் எங்க ரத்தம் கெட்ட ரத்தம் இல்ல."

"இல்லக்கா. இந்தக் கணக்குப்படி பார்த்தா உங்க ரத்தம்தான் ஒசத்தி." நிறைமதிக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

தீர்ப்பாயம் திருத்த ஊசியை ரத்து செய்தது. அன்று மாலை கீழத்தருவையில் மேளம் அடங்கவில்லை. தெருமுனையில் போட்ட மேடையில் சந்தனமாரி மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம ரத்தம் கெட்ட ரத்தம்னு சொன்னாவ. சொன்னவங்க ரத்தத்த நம்ம பாத்தியில எறக்கிப் பாத்தாச்சு. முப்பத்தஞ்சுல படுத்துட்டு! நம்ம ரத்தம் தாங்கும். நம்ம பொம்பளைய மாதிரி வெயிலத் தாங்க இந்தப் பூமியில ஆளு கெடையாது!"

கைதட்டலும் குலவையும் கடற்கரைவரை கேட்டன. அதுவரை எண்ணை மறைத்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள் அன்று அடையாள அட்டையைச் சட்டைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு ஆடினார்கள்.

அடுத்த வாரமே அளத்து முதலாளிகள் சங்கத்தின் வழக்கறிஞர் ஞானசிகாமணி மாலையோடு வந்தார். சந்தனமாரியின் கழுத்தில் அவரே போட்டார். அந்த ஆண்டுதான் மாநிலத்தில் உச்சிவெயில் சட்டம் வந்திருந்தது. வெக்கை ஓர் அளவைத் தாண்டினால் நண்பகலில் வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது.

"அந்தச் சட்டம் சாதாரண உடம்புக்கு" என்றார் ஞானசிகாமணி. "உங்க உடம்பு அப்படி இல்லைன்னு தீர்ப்பாயமே ஏத்துக்கிட்டாச்சு. பதினேழாம் தொகுதிக்கு மட்டும் விலக்கு வாங்கிடலாம். அளத்துல உங்க ஆட்களுக்குத்தான் முதல் வேலை. கூலிக்கு மேல தனிப்படி உண்டு. 'வெயில் வென்றார்'னு ஒரு பட்டமே தர்றோம்."

கையில் கட்டிக்கொள்ள நீலப் பட்டை வந்தது. அதில் பதினேழு என்ற எண் வெள்ளையாகப் பின்னப்பட்டிருந்தது. குறை என்று சொல்லப்பட்ட எண்ணைப் பட்டமாகக் கட்டிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? தொழிலாளர் சங்கம் கூடி ஏற்றுக்கொண்டது. முதல் பட்டையைச் சந்தனமாரி கட்டிக்கொண்டாள்.

ஊர் நிறைமதியை விருந்துக்கு அழைத்தது. ஒரே வீட்டில் சாப்பிட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சந்தனமாரி அவளை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். முதல் வீட்டில் மீன்குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே நிறைமதி சுவரைப் பார்த்தாள். மாலைபோட்ட படம். சிவப்பு பல்பு எரிந்தது. படத்தில் இருந்தவள் சின்னப் பெண்.

"இது யாரு?"

"என் மதினி. கிட்னி போயிட்டு" என்றாள் அந்த வீட்டுக்காரி சாதாரணமாக.

அடுத்த வீட்டிலும் ஒரு படம். அந்த வீட்டுப் பையனின் அம்மா. அதற்கடுத்த வீட்டில் இரண்டு படங்கள். சந்தனமாரியின் வீட்டுக்கு வந்தபோது நிறைமதி உட்காரவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள். ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் ஒரு பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என் தங்கச்சி சுயம்புக்கனி" என்றாள் சந்தனமாரி. "முப்பத்தோரு வயசுல போயிட்டா. ஆஸ்பத்திரியில 'உன் ரத்தமே அப்படித்தாம்மா'ன்னு சொல்லிட்டாவ. கடைசியா எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'என் மவளுக்கும் இதே ரத்தந்தானக்கா'ன்னு சொல்லி அழுதா."

நிறைமதி மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா, என் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க ஆளுங்களை எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வேன் புடிச்சுத்தான். ஏன்?"

"மதுரை வரைக்கும் வர முடிஞ்சவங்க."

"ஆமா."

"உயிரோட இருந்தவங்க."

சந்தனமாரிக்குப் புரியவில்லை. நிறைமதி சுவரைக் காட்டினாள். "இவங்க ரத்தம் என்கிட்ட இல்லக்கா. தாங்க முடியாத உடம்பையெல்லாம் அளம் முன்னாடியே எடுத்துருச்சு. எடுத்தது போக மிச்சம் இருந்தவங்களைத்தான் நான் அளந்தேன். சென்னையில அப்படி யாரையும் சலிச்சு எடுக்கலை. பலமான உடம்பு, பலவீனமான உடம்பு எல்லாமே ஏசிக்குள்ள உட்கார்ந்து ஐம்பது வயசுக்கு வந்துருது. சல்லடையில நின்னதை மட்டும் கையில எடுத்துப் பார்த்துட்டு, மூட்டையில இருக்குற அரிசி எல்லாமே பெருசுன்னு சொல்லியிருக்கேன்."

"இப்பம் என்ன சொல்லுதீய? மறுபடியும் நாங்க கெட்ட ரத்தமா?"

"தெரியலை. செத்தவங்களோட நிழலையும் பார்த்தாத்தான் தெரியும். மாசமா இருக்கும்போது எடுத்த ரத்தத்துல ஒரு துளியைக் காகிதத்துல காயவச்சு மாவட்டக் குளிர்க்கிடங்குல வச்சிருப்பாங்க. அப்ப எடுத்த ஸ்கேனும் பதிவுல இருக்கும். சொந்தக்காரங்க சம்மதிச்சா அதுல இருந்து நிழல் கட்டலாம்."

சந்தனமாரியின் முகம் இறுகியது. "என் தங்கச்சிய எழுப்பிக் கொண்டாந்து, பாருங்க இவ ஏலாதவன்னு ஊருக்குக் காட்டணுமா? இருவது வருசம் தலையக் குனிஞ்சுக்கிட்டே நடந்தோம். நீங்கதான் நிமித்திவிட்டீய. இப்பம் நீங்களே புடிச்சு அமுக்குதீயளா? அது நடக்காது."

அந்த வீட்டில் நிறைமதி சாப்பிடாமலே கிளம்பினாள். மதுரைக்குப் போனதும் தன் முடிவில் பிழை இருக்கலாம் என்று தீர்ப்பாயத்துக்குத் தெரிவித்தாள். ஆதாரம் கொண்டுவாருங்கள், அதுவரை எதுவும் மாறாது என்றார்கள். விலக்கு நடைமுறைக்கு வந்தது. நண்பகலில் ஊரெல்லாம் நிழல் தேடி ஒதுங்கியபோது கீழத்தருவை அளத்தில் மட்டும் நீலப் பட்டை கட்டிய கைகள் உப்பு வாரிக்கொண்டிருந்தன.

சித்திரை பிறந்தது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. வனசுந்தரி என்ற பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், தலையில் உப்புக் கூடையோடு தட்டுமேட்டில் ஏறும்போது சரிந்தாள். உப்பைக் குவித்துவைக்கும் அந்த மேட்டிலிருந்து உருண்டு பாத்திக்குள் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கிய சந்தனமாரி அவள் காலைப் பார்த்ததும் அதிர்ந்தாள். கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஊசி ஏற்றுவதற்குக் கையிலிருந்த நீலப் பட்டையைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ். சந்தனமாரிதான் முடிச்சை அவிழ்த்தாள். உப்பில் ஊறி இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வனசுந்தரி கண்விழித்தாள். சிறுநீரகத்தில் பாதியாவது மீளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏளா, எப்பம் இருந்து இப்படி?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"பொங்கலுக்கு முன்னாலயே கால் வீங்க ஆரம்பிச்சிட்டுக்கா."

"கங்காணிகிட்ட சொன்னா ஓரமா உக்கார விட்டிருப்பாருல்லா? எங்கிட்டயாவது சொல்லலாம்லா?"

வனசுந்தரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்கதான மேடையில சொன்னீய, நம்ம ரத்தம் தாங்கும்னு. எல்லாரும் தாங்குதாவ. நா மட்டும் தாங்கலன்னு எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா."

சந்தனமாரிக்குத் தங்கையின் நினைவு வந்தது. சுயம்புக்கனியும் இப்படித்தான் காலை மறைத்துக்கொண்டு திரிந்தாள். கெட்ட ரத்தம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. இவளுக்கு நல்ல ரத்தத்துக்குக் குறை வந்துவிடக்கூடாதே என்ற வெட்கம். எந்தப் பெயரை வைத்தாலும் நோவை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போகிறது என்றால், அந்தப் பெயர் யாருக்கு?

அங்கிருந்தே மதுரைக்குப் பஸ் ஏறினாள். நிறைமதியின் அறைக்குள் நுழைந்து நின்றபடியே சொன்னாள்.

"அந்த ரத்தத்த எடுங்க."

"அக்கா, உட்காருங்க. முடிவு எப்படி வேணும்னாலும் வரலாம். உங்க ரத்தத்துல உண்மையாவே கோளாறு இருக்குன்னுகூட வரலாம். வந்தா நான் மறைக்க மாட்டேன்."

"மறைக்காதீய. வாரது வரட்டும். பொய்யா நிமிந்து நின்னுக்கிட்டுப் புள்ளையளச் சாவக்குடுக்க முடியாது."

சம்மதம் வாங்குவது லேசாக இல்லை. எந்த வாயால் பெருமை பேசினாளோ அதே வாயால் வீடு வீடாகப் போய், அந்தப் பெருமை பொய்யாக இருக்கலாம் என்று சந்தனமாரி சொல்ல வேண்டியிருந்தது. சிலர் கதவைச் சாத்தினார்கள். தனிப்படி போய்விடும் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். "எங்கம்மாவ நிம்மதியாத் தூங்க விடு" என்று ஒருவன் கும்பிட்டான். அவள் திரும்பத் திரும்பப் போனாள். அளத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர்கள், நோயில் விழுந்து வீட்டோடு கிடப்பவர்கள், தாங்க முடியாமல் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடிப்போனவர்கள் என்று யாரையும் விடவில்லை.

சுயம்புக்கனியின் நிழல் தயாரானபோது நிறைமதி தயங்கினாள். "கட்டாயம் பார்க்கணும்னு இல்லக்கா."

"போடுங்க."

முதலில் உப்பளத்து வாழ்க்கை. கோடு நன்றாகத்தான் கிளம்பியது. இருபத்தைந்துக்குப் பிறகு சாய்ந்தது. முப்பத்திரண்டில் நின்றுவிட்டது. உண்மையில் நடந்ததற்கும் அதற்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். சந்தனமாரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இப்ப அந்த கிளார்க்கோட வாழ்க்கை" என்றாள் நிறைமதி.

கோடு மறுபடி கிளம்பியது. முப்பத்தொன்றை நெருங்கும்போது சந்தனமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்காமல் தாண்டிப் போனது. நாற்பது. ஐம்பது. அறுபதில் லேசாகச் சாய்ந்து, பிறகும் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தெட்டில் முடிந்தது.

கோடு முடிந்த இடத்தை விரலால் தொட்டாள் சந்தனமாரி. "கெழவி ஆயிருப்பா" என்றாள். "பேரப்புள்ளையளத் திட்டிக்கிட்டு, பல்லு இல்லாம வெத்தல இடிச்சுக்கிட்டு இருந்திருப்பா. என்னயவிட அவளுக்குத்தான் நல்ல முடி. வெள்ளயா எப்படி இருந்திருக்குமோ, தெரியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியது. "அவ ரத்தத்துல ஒண்ணும் இல்லல்லா டாக்டரம்மா?"

"ஒண்ணும் இல்ல. என்னோட ரத்தம் மாதிரிதான். வெயிலும், தண்ணி குடிக்காம நின்னதும்தான் அவங்களைக் கொன்னுச்சு."

"அதுக்குப் போயி மவளுக்கும் இதே ரத்தந்தானன்னு அழுதுக்கிட்டே செத்தாளே, பாவி."

எல்லா நிழல்களும் ஓடி முடிய ஒரு மாதம் ஆனது. நிறைமதி முடிவைத் திரையில் விரித்துவிட்டு, சந்தனமாரியைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கோடு போட்டிருக்கேன். ஒண்ணு கீழத்தருவை, இன்னொண்ணு சென்னை. தெரியுதா?"

சந்தனமாரி கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். "ஒண்ணுதான தெரியுது?"

"ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குதுக்கா. பிரிக்க முடியலை. அலுவலகத்துல விட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாழ்றாங்க. அளத்துல விட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சாகுறாங்க."

"கூடவும் இல்ல."

"குறைவும் இல்ல."

ஏமாற்றமாக இருக்கும் என்றுதான் நிறைமதி நினைத்திருந்தாள். சந்தனமாரியின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. தன் கைப்பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். நீலத் துணி இருந்த இடத்தில் தோல் வெளுத்துத் தெரிந்தது.

தீர்ப்பாயம் மறுபடி கூடியது. கீழத்தருவையிலிருந்து பெண்கள் வந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். வனசுந்தரியும் வந்திருந்தாள். நிறைமதி தன் முந்தைய பிழையை விளக்கிவிட்டுப் புதிய முடிவைக் காட்டினாள். ஞானசிகாமணி அவளை விட்டுவிட்டுச் சந்தனமாரியை விசாரணைக்கு அழைத்தார்.

"அம்மா, போன வருஷம் ஊர் நடுவுல மேடை போட்டு, எங்களை மாதிரி வெயிலைத் தாங்க ஆள் கிடையாதுன்னு நீங்க பேசலையா?"

"பேசுனேங்கய்யா."

"இப்ப தாங்க முடியாதுங்கிறீங்க. எது நிஜம்?"

"ரெண்டு கோடும் ஒண்ணாக் கெடக்கு பாருங்க, அதுதாங்கய்யா நெசம். அந்த வெயில்ல நீங்க எம்புட்டு நேரம் நிப்பியளோ, அம்புட்டு நேரந்தான் எங்களாலயும் நிக்க முடியும். ஒங்களுக்கு எப்பம் தொண்ட காயுதோ அப்பந்தான் எங்களுக்கும் காயும். நீங்க ஒண்ணுக்குப் போவணும்னா எந்திரிச்சுப் போவீய. எங்களுக்குப் போவ எடம் கெடையாது. அதுனால தண்ணி குடிக்காமலே நிக்கோம். நமக்குள்ள வித்தியாசம் அம்புட்டுத்தான்."

ஞானசிகாமணி பின்வரிசைகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். அந்தப் பெண்களின் முன்னால் அவளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. "அப்படின்னா உங்க மக்கள் எந்த விதத்திலும் விசேஷமானவங்க இல்லைன்னு ஒத்துக்கிறீங்களா?"

சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். எல்லார் கண்களும் அவள்மேல் இருந்தன. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஒத்துக்கிடுதேங்கய்யா. நல்லா எழுதிக்கிடச் சொல்லுங்க. நாங்க விசேசமானவங்க இல்ல. உங்கள மாதிரி மனுசங்க. உங்களுக்கு ஆவாதது எங்களுக்கும் ஆவாது."

முதலில் வனசுந்தரிதான் எழுந்து நின்றாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. தீர்ப்பாயத் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி, உட்காரச் சொல்லக் கையை உயர்த்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, சொல்லாமலே கையை இறக்கிக்கொண்டார்.

விலக்கு ரத்தானது. அளத்தில் கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அடையாள அட்டைகளில் தொகுதி எண் போடும் வழக்கமும் நின்றது. ஊர் முழுக்கச் சந்தனமாரியைக் கொண்டாடியது என்று சொல்ல முடியாது. தனிப்படி போனதற்காக ஒரு தெருவே அவளிடம் பேசுவதை நிறுத்தியது. "ஒசந்த ரத்தமா இருந்தோம், இவ போயி எறக்கிட்டு வந்துட்டா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். ஓரிரு கோடைகள் போயின. அளத்திலிருந்து டயாலிசிசுக்குப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பேச்சும் தானாகக் குறைந்தது.

ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாசி மாதத்தில், கூரைக்கடியில் பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தோளில் குளிர்ப்பெட்டியை மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். கதிரொளி என்று பெயர் சொன்னான். டாக்டர். மேற்கு மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறானாம். நிறைமதியிடம் பயிற்சி எடுத்தவன்.

"சொல்லுங்க தம்பி, என்ன வேணும்?"

"எங்க தோட்டத்து ஜனங்களுக்கு நுரையீரல் சீக்கிரமே கெடுதும்மா. அவங்க ரத்தமே அப்படித்தான்னு பெரிய இடத்துல சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அது சரிதானான்னு பார்க்கணும். அதுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆளுங்க வேணும்."

"அதுக்குச் சென்னை ஆபீஸ்காரங்களத்தான கூப்புடுவீய?"

"முன்னாடி அப்படித்தான். இப்ப அவங்களுக்குச் சர்க்கரை, பிரஷர், உட்கார்ந்தே இருந்து இடுப்புவலி. அவங்களை வச்சு மத்தவங்களை அளக்க முடியலை. நிறைமதி மேடம்தான் சொன்னாங்க, சாதாரண ஆளுங்க வேணும்னா கீழத்தருவைக்குப் போன்னு."

சந்தனமாரியின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் அப்படியே நின்றது.

"என்ன ஆளுங்கன்னு சொன்னாவ?"

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குறைச்சலாச் சொல்லலை. ஒரு மனுஷ உடம்பு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கிறவங்கன்னு அர்த்தம். சாதாரண ஆளுங்க."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"சாதாரண ஆளுங்க."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அளத்தின் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு கூரையின் அடுத்த கோடிக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏளா வனசுந்தரி! எல்லாரையும் வரச்சொல்லு. நல்லா நடக்கவங்கள மட்டும் இல்ல கேட்டியா, சீக்காளியும் வரணும், வீட்டுல படுத்துக் கெடக்கவளையும் விட்ராத."

"என்னத்துக்குக்கா?" என்று அங்கிருந்து பதில் வந்தது.

சந்தனமாரி அளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சாதாரண ஆளு வேணுமாம்!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அந்த டாக்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, தன் கையை அவன் பக்கம் நீட்டினாள்.